ஊரிலை எவடம்

யேசுரட்ணம் வோல்டருக்குக் கொடுக்க வேண்டியிருந்த காசு இருநூற்று எண்பத்தாறு பவுண். போன வருசம் வாங்கினது நானூறு. சம்பளம் எடுக்கிற வெள்ளிக்கிழமைகளில் ஐந்தும் பத்தும் சில்லறையுமாகக் கொடுத்து நூற்றுப் பதினாலு கழிந்திருந்தது. வோல்டர் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்காத கடன்தான் யேசுரட்ணத்தைக் கூடுதலாக அரித்தது. கேட்டால் ஒரு சாட்டுச் சொல்லலாம், கேட்காதவனுக்கு என்னத்தைச் சொல்வது?

வோல்டர் அமெரிக்கக் கறுப்பர். ஜோர்ஜியாப் பக்கம் ஒரு சின்ன ஊர். இருபது வயதில் அமெரிக்க விமானப் படையோடு இங்கிலாந்துக்கு வந்து, இங்கேயே ஒரு வெள்ளைக்காரியைக் கட்டி, தங்கிவிட்டவர். மனுசி செத்து இரண்டு வருசம். கோலியர்ஸ் வுட்டில் ஒரு பேக்கரியில் பதினாறு வருசமாகப் பாண் சுடுகிற போறணை அடுப்பில் வேலை. யேசுரட்ணம் அதே போறணைக்கு முன்னால் பாண் தட்டுகளைக் கழுவி அடுக்கி, சில்லு வைத்த இரும்பு அடுக்கில் ஏற்றித் தள்ளுகிறவன். பேக்கரியில் வெள்ளையர்கள் பாண் சுற்றுகிற மேசைப் பக்கம் நிற்பார்கள். அங்கே கதிரை உண்டு, சன்னல் உண்டு. கறுப்பர்களும் தமிழர்களும் போறணைப் பக்கம். அப்படி ஒரு சட்டமும் இல்லை. வேலைக்கு வருகிற முதல் நாளே ஒவ்வொருவனின் காலும் தன்னுடைய பக்கத்துக்குப் போய்விடும், அவ்வளவுதான்.

மேசைப் பக்கத்து வெள்ளையர்கள் யேசுரட்ணத்தை "ஜீஸஸ்" என்று கூப்பிட்டுச் சிரிப்பார்கள். வோல்டர் மட்டும் அப்படிக் கூப்பிடமாட்டார். "என்ரை ஆண்டவரை நான் பாண் தட்டுத் தூக்கச் சொல்லமாட்டன்" என்பார். அவருக்கு இவன் "ரட்னம்". வோல்டர் பேசுவது இழுத்து இழுத்து ஒரு அமெரிக்க இங்கிலீஷ். பாதிதான் யேசுரட்ணத்துக்கு விளங்கும், மீதியைத் தமிழில் தானே நிரப்பிக்கொள்வான்.

அந்த நானூறு வந்த கதை இதுதான். போன வருசம் மனுசி பிலோமினம்மாவுக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் விசா கிடைத்துவிட்டது. கொழும்பில் ஒரு லொட்ஜ் அறைக்குள் இருந்தார்கள். டிக்கெட்டுக்கு நானூறு குறைந்தது. பேக்கரியில் சிறி அண்ணை சீட்டுப் பிடிக்கிறவர். முழுப்பெயர் ஸ்ரீஸ்கந்தராஜா, ஊரில் வங்கிக் கிளாக்கராக இருந்தவர், இங்கே போறணைப் பக்கத் தமிழர்களுக்கு மேற்பார்வை. பத்துப் பேர், மாதம் ஐம்பது பவுண். முதல் சீட்டை எடுத்தால் ஐந்நூறு கையில் வரும், பிறகு ஒன்பது மாதம் கட்டிக்கொண்டு போகலாம். யேசுரட்ணம் போய்க் கேட்டான்.

"அதுக்கென்ன, சேரலாம்," என்றார் சிறி அண்ணை. "ஊரிலை நீர் எவடம்?"

யேசுரட்ணம் ஊரின் பெயரைச் சொன்னான்.

"அது தெரியும், எங்கடை பக்கத்து ஊர்தானே. ஊரிலை எவடம்?"

"பள்ளிக்கூடம் தாண்டி, பனங்கூடலுக்கு அங்காலை, அண்ணை."

"ஓ... அப்பர் என்ன செய்தவர்?"

"பனையாலை விழுந்து செத்தவர்."

சிறி அண்ணை தலையை ஆட்டினார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. பாவம் என்றுகூடச் சொன்னார். மறுகிழமை கேட்டபோது சீட்டில் ஆள் நிறைந்துவிட்டது. அதற்கு அடுத்த கிழமை வேலைக்குச் சேர்ந்த புதுப் பொடியன் குகதாசன் அந்தச் சீட்டில் இருந்தான். அவன் சிறி அண்ணைக்கு மச்சான் முறையாம். மச்சான் என்றபடியால் எடுத்தாரா, பனங்கூடல் என்றபடியால் இவனை விட்டாரா? யேசுரட்ணம் அதைப் பல நாள் யோசித்தான். முடிவு வரவில்லை.

அவன் தட்டுகளுக்கு நடுவில் குந்தியிருந்ததைக் கண்டு வோல்டர் என்னவென்று கேட்டார். தெரிந்த இங்கிலீஷில் சொன்னான். பனங்கூடல் கதையும் வாயில் வந்துவிட்டது. வோல்டருக்கு முதலில் விளங்கவில்லை.

"அவன் உன்ரை நிறம்தானே?"

"ஓம்."

"உன்ரை பாஷை?"

"ஓம்."

"அப்ப எப்பிடிக் கண்டுபிடிக்கிறாங்கள்?"

"கேட்டுத்தான். ஊரிலை எவடம் எண்டு கேப்பினம். அதுக்கும் விளங்காட்டி, அப்பர் என்ன வேலை எண்டு கேப்பினம்."

வோல்டர் சிரிக்கத் தொடங்கினார். இருமல் வருமட்டும் சிரித்தார். "எங்கடை ஊரிலை பாத்தாலே போதும், கதை முடிஞ்சுது. உங்கடை ஆக்கள் பாவம், ஒவ்வொருத்தனையும் நிப்பாட்டிக் கேள்வி கேக்கவேண்டிக் கிடக்கு. பெரிய வேலையடா!" கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எங்கடை ஊரிலையும் ஒரு ரயில் பாதை இருந்தது. அதுக்கு அங்காலைதான் நான்," என்றார். அடுத்த நாள் நானூறு பவுணை ஒரு கோதுமை மாப் பைக்குள் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தார்.

பிலோமினம்மா வந்து இறங்கினாள். பிள்ளைகள் டூட்டிங்கில் பள்ளிக்கூடம் போகத் தொடங்கினார்கள்.

இந்த வருசம், தொண்ணூற்று இரண்டு சித்திரை பிறந்தபோது, போறணைப் பக்கத்துக்கு ஒரு பொறுப்பாளர் வேலை காலியானது. வோல்டர் கேட்டார். பதினாறு வருச வேலைக்காரர். கிடைத்தது மேசைப் பக்கத்தில் இரண்டு வருசம் நின்ற ஒரு வெள்ளைப் பொடியனுக்கு.

அதற்கு முதல் நாள் மனேஜர் போறணைக்குப் பின்னால் நின்று கணக்குப் பார்க்கிறவனோடு கதைத்துக்கொண்டிருந்தார். யேசுரட்ணம் ஒரு அடுக்குத் தட்டைத் தள்ளிக்கொண்டு அவர்களைத் தாண்டிப் போனான். மனேஜர் ஒதுங்கி வழிவிட்டார், ஆனால் கதையை நிறுத்தவில்லை. "கறுப்பன் ஒருவனை என் ஆட்களுக்கு மேலே வைக்கமாட்டேன். நான் இருக்குமட்டும் அது நடக்காது." ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்டது. இவன் காதுள்ள ஒரு மனிசன் என்று அந்த ஆள் நினைக்கவேயில்லை.

யேசுரட்ணம் அதை வோல்டரிடம் சொன்னான். சொல்லாமல் இருக்க முடியவில்லை. வோல்டர் யூனியனுக்குப் போனார், யூனியன் முறைப்பாடு எழுதியது. செவ்வாய்க்கிழமை மேல்மாடியில் விசாரணை. சாட்சி என்று இருந்தது யேசுரட்ணம் ஒருவன்தான். அவன் வந்து கேட்டதைச் சொன்னால் முறைப்பாடு நிற்கும். இல்லையென்றால் விழும்.

விசாரணைக்கு முதல் கிழமைதான் சாப்பாட்டறை ரீவியில் லொஸ் ஏஞ்சலீஸ் எரிந்தது. ஒரு கறுப்பனை அடித்துப் போட்ட பொலிஸ்காரர்களைக் கோர்ட்டில் விட்டுவிட்டார்கள் என்று தொடங்கி, கடைகள் எரிந்துகொண்டிருந்தன. எரிந்த கடைகளில் பாதி கொரியாக்காரருடையதாம். ஒரு கொரியாக்காரப் பெண் வீதியில் நின்று தலையில் அடித்து அழுதாள்.

"பாத்தீரோ," என்றார் சிறி அண்ணை. "காப்பிலியளின்ரை வேலையை. அந்தச் சனம் என்ன பாவம் செய்தது? எங்களை மாதிரி உழைக்க வந்த சனம். எண்பத்து மூண்டிலை கொழும்பிலை எங்கடை கடையளை எரிச்சமாதிரியே கிடக்கு."

"ஆனா அண்ணை, எண்பத்து மூண்டிலை அடிவாங்கினதும் நாங்கள்தானே," என்றான் குகதாசன். "இதிலை அடிவாங்கினவன் ஒருத்தன், கடை எரிஞ்சவன் வேறை ஒருத்தன்."

"அதுக்கு?"

"அதுதான், ஆருக்கு இரங்கிறது எண்டு தெரியேல்லை."

"நீ தேத்தண்ணியைக் குடி."

யேசுரட்ணம் ரீவியைப் பார்த்தான். கொரியாக்காரி அழுவது பிலோமினம்மா அழுவது மாதிரி இருந்தது. விலங்கு போட்டு நிலத்தில் கிடத்தப்பட்ட பொடியனைப் பார்த்தால், கொழும்பில் சோதனைச் சாவடியில் தான் கிடந்த நாள் நினைவுக்கு வந்தது. அடுத்த மேசையில் வோல்டர் சாப்பாட்டைத் தொடாமல் இருந்தார். யேசுரட்ணத்துக்கு அங்கே போய் இருக்கலாமா, இங்கேயே இருக்கலாமா என்று தெரியவில்லை. தட்டைக் கையில் வைத்துக்கொண்டே நின்று சாப்பிட்டு முடித்தான்.

பின்னேரம் வேலை முடிந்து போகிறபோது சிறி அண்ணை கூட வந்தார்.

"யேசு, செவ்வாய்க்கிழமை விசயம் கேள்விப்பட்டன். நீர் என்னத்துக்கு அதுக்குள்ளை போறீர்?"

"கேட்டதைத்தானே அண்ணை..."

"கேட்டது கேட்டதாய் இருக்கட்டும். பதினொரு பொடியளை நான் உள்ளை எடுத்துவிட்டனான். அதிலை ஏழு பேருக்கு இன்னும் தற்காலிக விசா. மனேஜருக்குக் கோபம் வந்தா ஆரை நிப்பாட்டுவார்? கறுப்பரையோ? அவங்கள் இந்த நாட்டுச் சனம், யூனியனோடை நிப்பாங்கள். நாங்கள் கறுப்பர் இல்லை, யேசு. நாங்கள் ஒதுங்க வந்த ஆக்கள்." சுற்றிவரப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "வெள்ளிக்கிழமையளிலை நீர் அவனுக்குக் காசு குடுக்கிறதைக் கண்டனான், கடன்தானே. அதுதான் உம்மை இழுக்குது, எனக்கு விளங்குது. சனிக்கிழமை வீட்டை வாரும். புதுச் சீட்டுத் தொடங்கிறன். முதல் சீட்டு உமக்கு, கழிவு ஒண்டும் இல்லாமல். அவன்ரை கடனை அடைச்சுப்போட்டு நிம்மதியாய் இரும்."

ஒரு வருசத்துக்கு முன்னால் மூடின கதவு தானே திறந்தது. யேசுரட்ணத்துக்குச் சந்தோசமாகவும் இருந்தது, வெட்கமாகவும் இருந்தது.

சனிக்கிழமை போனான். டூட்டிங் பெரிய ரோட்டுக்குப் பின்னால் சிறி அண்ணையின் வீடு. பத்துப் பேர். "வாங்கோ, இருங்கோ" என்றார் சிறி அண்ணை. இதுவரைக்கும் அவர் யேசுரட்ணத்துக்கு "வாரும்" என்றுதான் சொல்லியிருக்கிறார். கதவுப் பக்கம் ஒரு கதிரை இருந்தது, அதில் இருந்தான். அவருடைய மனைவி சிவகௌரி தட்டத்தில் தேத்தண்ணி கொண்டுவந்தாள். எல்லாருக்கும் நீலப் பூப் போட்ட பீங்கான் கோப்பை. இவனிடம் வருமுன் தட்டம் முடிந்துவிட்டது. உள்ளே போய்த் திரும்பி வந்து அவனுக்குக் கொடுத்தது ஒரு பேப்பர் கோப்பை. பிள்ளையின் பிறந்தநாளுக்கு வாங்கினதாக இருக்கும், பலூன் படம் போட்டிருந்தது.

"சுடும், பாத்துப் பிடியுங்கோ," என்றாள் சிரித்தபடி.

கோப்பை முடிந்துவிட்டதா, அல்லது? யேசுரட்ணம் எண்ணிப் பார்க்க நினைத்தான், அலுமாரிக் கண்ணாடிக்குள் ஏதாவது கோப்பை தெரிகிறதா என்று பார்க்க நினைத்தான். பிந்தி வந்த குகதாசனுக்கு என்ன கோப்பையில் வருகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தான். "எனக்கு வேண்டாம் அக்கா, இப்பதான் குடிச்சனான்," என்றுவிட்டான் அந்தப் பாவி. தெரியவே வழியில்லாமல் போயிற்று. விரலைச் சுட்ட தேத்தண்ணியை யேசுரட்ணம் ஒரே மடக்கில் குடித்தான். ஐந்நூறு பவுண் அவன் கைக்கு வந்தது. எல்லாரும் சிரித்த முகமாகத்தான் இருந்தார்கள்.

வீட்டுக்கு வந்து பிலோமினம்மாவிடம் சொன்னான்.

"பேப்பர் கோப்பையிலை தந்தா என்ன, கழுவத் தேவையில்லை," என்றாள் அவள். பிறகு, அரிசி களைந்துகொண்டே, "நீலப்பூக் கோப்பை ஒரு செட் எண்டா பன்னிரண்டு இருக்குமே?" என்று கேட்டாள்.

"அதுதான் எனக்கும் தெரியேல்லை."

"உடைஞ்சும் இருக்கும்."

"இருக்கும்."

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நேரே வோல்டர் வீட்டுக்குப் போனான். இருநூற்று எண்பத்தாறையும் எண்ணி ஒரு கவரில் போட்டிருந்தான். வோல்டரும் தன்னுடைய கோயிலுக்குப் போய்வந்து, கழுத்துப் பட்டியைத் தளர்த்திவிட்டு இருந்தார். யேசுரட்ணம் கவரை நீட்டினான். வோல்டர் வாங்கவில்லை.

"எங்காலை வந்தது?"

யேசுரட்ணம் சொன்னான். சீட்டையும் சொன்னான், சிறி அண்ணை சொன்னதையும் சொன்னான். பலூன் கோப்பையில் வந்ததும் நின்றுவிட்டான். பிறகு அதையும் சொன்னான். "வேணுமெண்டு தந்தவையோ, கோப்பை முடிஞ்சுதோ தெரியேல்லை. இரவு முழுக்க அதுதான் யோசினை. விசர்க்கதை."

வோல்டர் இந்த முறை சிரிக்கவில்லை.

"நான் சின்னனாய் இருக்கேக்கை எங்கடை ஊர்த் தண்ணிக் குழாயிலை எழுதியிருக்கும். இது வெள்ளையருக்கு, இது கறுப்பருக்கு. வாசிச்சுப்போட்டுப் போகவேண்டியதுதான், யோசிக்க ஒண்டும் இல்லை. நான் இங்கை வந்த பிறகு அதைக் கழட்டிப்போட்டாங்கள். நல்ல விசயம், நானும் கை தட்டினன். ஆனா அதுக்குப் பிறகு ஒவ்வொரு கடையிலையும் ஒவ்வொரு கந்தோரிலையும் நாங்கள்தான் ஊகிக்கவேணும். இவன் என்னைப் பிந்திக் கவனிச்சது கூட்டத்தாலையோ, என்ரை முகத்தாலையோ? இந்த வேலை எனக்குக் கிடைக்காதது நான் கெட்டிக்காரன் இல்லை எண்டோ, கறுப்பன் எண்டோ? ஐம்பத்திரண்டு வயசு, ரட்னம். பாண் சுட்டுக் களைச்சதை விட இதை யோசிச்சுக் களைச்சதுதான் கூட. இந்தமுறைதான் முதல் தரம் எனக்கு ஊகிக்கத் தேவையில்லாமல் போச்சு. நீ கேட்டாய்."

யேசுரட்ணம் கவரைப் பார்த்துக்கொண்டு இருந்தான்.

"இந்தக் காசு எதுக்கு?" என்று வோல்டர் கேட்டார். "என்ரை கடனைத் தீர்க்கவோ, செவ்வாய்க்கிழமை வராமல் இருக்கவோ?"

"தெரியேல்லை," என்றான் யேசுரட்ணம். அது உண்மை.

"அப்ப வைச்சிரு. தெரிஞ்ச பிறகு தா."

திங்கட்கிழமை முழுவதும் அவனுக்கு ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால். போகாவிட்டால், ஒரு வருசம் காத்திருந்து கிடைத்த சனத்தோடு இருக்கலாம். பிள்ளைகளின் கல்யாணம், நன்மை தீமை, நாளைக்குச் செத்தால் தூக்க நாலு பேர். வோல்டர் வந்து தூக்குவாரா? தூக்குவார், ஆனால் ஒருவர்தான். போனால் வேலையே போகலாம். சிறி அண்ணை சொன்னது பொய்யும் இல்லை, ஏழு பொடியளுக்கும் பிள்ளை குட்டி உண்டு. இந்தப் பக்கம் பார்த்தால் இது சரி, அந்தப் பக்கம் பார்த்தால் அது சரி. நான் ஆர், எந்தப் பக்கம்? கறுப்பனா, தமிழனா, பனங்கூடலானா? கேட்கிற ஆளைப் பொறுத்து அது மாறிக்கொண்டிருந்தது. மாறாதது ஒன்றே ஒன்றுதான். அந்த ஆள் சொன்னது இவன் காதில் விழுந்தது.

செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு மேல்மாடிக்கு ஏறினான். சட்டைப் பைக்குள் கவர் இருந்தது. தலைமைக் கந்தோரிலிருந்து வந்த ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி மேசைத் தலைப்பில். ஒரு பக்கம் மனேஜர், மறுபக்கம் வோல்டரும் யூனியன்காரனும். யேசுரட்ணத்துக்கு இங்கிலீஷ் போதாது என்று மொழிபெயர்க்க ஒருவரைக் கூப்பிட்டு வைத்திருந்தார்கள். சிறி அண்ணை. கழுத்துப்பட்டி கட்டி, யேசுரட்ணத்தின் முகத்தைப் பார்க்காமல் இருந்தார்.

தேத்தண்ணி வந்தது. யேசுரட்ணத்துக்கும் பீங்கான் கோப்பை, அடியில் சின்னத் தட்டு, கரண்டி. மனேஜரே சீனியை அவன் பக்கம் தள்ளி வைத்தார். யேசுரட்ணத்துக்குத் தலை சுற்றியது. கறுப்பனை மேலே வைக்கமாட்டேன் என்ற ஆள் பீங்கானில் தருகிறான், பக்கத்து ஊர்க்காரர் பலூன் கோப்பையில் தருகிறார். இதை எந்தக் கணக்கில் போடுவது? அவன் கோப்பையைத் தொடவில்லை.

பெண்மணி தொடங்குமுன் மனேஜர் ஏதோ சொன்னார். சிறி அண்ணை தொண்டையைச் செருமிக்கொண்டு தமிழில் சொன்னார்.

"நீர் வோல்டருக்குக் காசு குடுக்கவேணுமோ எண்டு கேக்கினம்."

யேசுரட்ணம் அவரைப் பார்த்தான். அந்தக் கடன் கதை போறணைப் பக்கத்தில் மூன்று பேருக்குத்தான் தெரியும். மற்ற இரண்டு பேர் வோல்டரும் அவனும்.

"ஓம்," என்றான். "இருநூற்று எண்பத்தாறு பவுண்."

சிறி அண்ணை மொழிபெயர்த்தார். மனேஜர் கதிரையில் சாய்ந்து பெண்மணியைப் பார்த்தார். கடன்காரன் சாட்சி சொல்ல வந்திருக்கிறான், இனி என்ன விசாரணை என்று அந்தப் பார்வைக்கு அர்த்தம். அதை மொழிபெயர்க்க ஆள் தேவையில்லை.

யேசுரட்ணம் கவரை எடுத்தான். மேசைக்கு மேலால் நீட்டி வோல்டரின் முன்னால் வைத்தான்.

"எண்ணிப் பாருங்கோ," என்றான். பிறகு பெண்மணியிடம், தனக்குத் தெரிந்த இங்கிலீஷில், "இப்ப கடன் இல்லை. இனிக் கேளுங்கோ," என்றான்.

யூனியன்காரனுக்குச் சிரிப்பு வந்து வாயைப் பொத்தினான். சிறி அண்ணை கவரையே பார்த்தார். அதற்குள் இருந்தது அவர் கொடுத்த சீட்டுக்காசு என்று அவருக்குத் தெரியும்.

போறணைக்குப் பின்னால் என்ன கேட்டாய் என்று பெண்மணி கேட்டாள். சிறி அண்ணை மொழிபெயர்க்க வாயைத் திறந்தார். யேசுரட்ணம் கையைக் காட்டினான்.

"இது வேண்டாம் அண்ணை. அவர் சொன்னது இங்கிலீஷிலை."

அந்த இரண்டு வசனத்தையும் அன்று கேட்டது கேட்டபடி, மனேஜர் இழுத்த இடத்தில் இழுத்து, அழுத்தின இடத்தில் அழுத்திச் சொன்னான். அவனுடைய இங்கிலீஷ் ஒருநாளும் அவ்வளவு திருத்தமாக இருந்ததில்லை. அது அவனுடையது இல்லைத்தானே. மனேஜரின் கழுத்து சிவந்தது. பெண்மணி எழுதிக்கொண்டாள். முடிவு இரண்டு கிழமையில் கடிதமாக வரும் என்றாள்.

படியில் இறங்கும்போது சிறி அண்ணை பின்னால் வந்தார். யேசுரட்ணம் நின்றான். ஏச்சு விழப்போகிறது என்று நினைத்தான்.

"சீட்டுக்காசு மாதம் பத்தாந் தேதி," என்றார் அவர். "மறந்துபோகாதையுங்கோ." அவ்வளவுதான். தாண்டிப் போய்விட்டார்.

அது வெருட்டலா, இன்னும் நீ சீட்டில் இருக்கிறாய் என்பதா? "மறந்துபோகாதையும்" என்று சொல்லாமல் மரியாதையாகச் சொன்னது கோபத்திலா, வேறு எதிலாவதா? யேசுரட்ணம் படியின் நடுவில் நின்று யோசித்தான். பிறகு களைத்துப்போய் இறங்கினான்.

மூன்று மணிக்கு வேலை முடிந்து பஸ் தரிப்பில் வோல்டர் நின்றார். கவரைத் திறந்து, எச்சில் தொட்டு, ஒவ்வொரு தாளாக எண்ணினார். யேசுரட்ணமும் வாய்க்குள் கூட எண்ணினான்.

"இருநூற்று எண்பத்தாறு. சரி."

"சரியோ?"

"சரி. இனி எனக்கும் உனக்கும் ஒரு கொடுக்கல் வாங்கலும் இல்லை."

அந்தச் சொல் யேசுரட்ணத்துக்கு ஏனோ கவலையாக இருந்தது. ஒரு வருசமாக வெள்ளிக்கிழமைகளில் ஐந்து பவுணோடு போய் நிற்க ஒரு காரணம் இருந்தது. பஸ் வந்தது. வோல்டர் முன்னால் ஏறி, கவருக்குள்ளிருந்து ஒரு ஐந்து பவுண் தாளை எடுத்துச் சாரதியிடம் நீட்டினார்.

"ரெண்டு பேருக்கு."

"என்னட்டைச் சில்லறை கிடக்கு," என்று யேசுரட்ணம் பைக்குள் கையை விட்டான்.

"சும்மா இரு," என்றார் வோல்டர். "இது கடன் இல்லை."